வயல் நாட்காட்டி – 8: பக்கத்து வயலைப் பார்த்து யூரியா வீசாதீர்கள்

சென்ற வாரம் நடவோடு நிறுத்தியிருந்தோம். டெல்டாவில் இப்போது சம்பாவும் தாளடியும் தூர் கட்டுகின்றன. மழை இரண்டு நாள் விட்டால் போதும், யூரியா மூட்டை வரப்புக்கு வந்துவிடும். பக்கத்து வயல்காரர் நேற்று வீசிவிட்டார் என்பதுதான் பெரும்பாலும் காரணம். 45 கிலோ மூட்டை மானிய விலையில் 266 ரூபாய் 50 காசு. மலிவான உரம் என்பதால் கையும் தாராளம்.

தேவைக்கு மேல் போன தழைச்சத்து முதலில் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். பிறகு அந்தக் கரும்பச்சைக்கு இலைச்சுருட்டுப் புழு வரும், குலைநோய் வரும், தூர்கள் அடர்ந்த வயலில் புகையான் அடியில் கூடும். வெள்ளைப் பொன்னி சாய்ந்தே போகும். மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு மருந்துக்கடைக்குப் போகிறது.

இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் எளிய கருவி இலை வண்ண அட்டை. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள், அவ்வளவுதான். நட்ட 14ஆம் நாளில் தொடங்கி, பூக்கும்வரை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் வயலில் இறங்கி, அங்கங்கே பத்துப் பயிர்களில் முழுதாக விரிந்த உச்சி இலையை, கிள்ளாமல், அட்டைமீது வைத்துப் பாருங்கள். வெயில் இலைமேல் விழாமல் உங்கள் நிழலில் பார்ப்பது முக்கியம். வெயிலில் எல்லாப் பச்சையும் வெளுத்துத் தெரியும். பத்தில் ஆறு இலைகள் 4ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் உரம் இடலாம். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எல்லை 3. இல்லையென்றால் அடுத்த வாரம்வரை மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.

அளவு? சம்பாவுக்கு ஒரு தடவைக்கு எக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து என்பது பரிந்துரை. மா கணக்கில் பேசும் தஞ்சாவூர்க்காரரிடம் எக்டேர் சொன்னால் யாருக்கு விளங்கும்! ஏக்கருக்கு 26 கிலோ யூரியா, மாவுக்கு 9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு இடுங்கள். மழை கருக்கட்டியிருந்தால் ஒருநாள் பொறுங்கள். வாய்க்காலுக்கு உரம் போட்டு என்ன பயன்?

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் எல்லாமே தழைச்சத்துக் குறைவு அல்ல. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் வெளுக்கும். இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளிறி, மற்ற இலைகளில் துருப்போல் புள்ளிகள் தெரிந்தால் அது துத்தநாகக் குறை. தண்ணீர் தேங்கிக் கிடந்த வயல்களில் இது சகஜம். யூரியாவை மட்டும் கொட்டினால் தீராது. ஏக்கருக்கு 1 கிலோ துத்தநாக சல்பேட், 2 கிலோ யூரியா, 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளியுங்கள். அதே தொட்டியில் டிஏபியைக் கரைத்துவிடாதீர்கள்; மணிச்சத்தும் துத்தநாகமும் கூடினால் இரண்டுமே பயிருக்கு எட்டாமல் போகும்.