பெட்டியின் பின்விளக்கைக் காப்போம்

இடம்பெயர்ந்த நாளில் எம்மில் பலரின் வீட்டுச் சாமான்களைச் சுமந்து வந்தது உழவு இயந்திரப் பெட்டிதான். இன்று நெல்லையும் விறகையும் அதுவே சுமக்கிறது. ஆனால் அதன் பின்னாலுள்ள சிவப்பு விளக்கு எரிகிறதா என்று நாம் பார்ப்பது குறைவு. விளக்கில்லாத பெட்டி, இருளில் விரைந்து வரும் பஸ் சாரதிக்கு மிகக் கிட்டவே தெரியும்.

பல வேளைகளில் பழுதாவது மின்குமிழ் அல்ல. மழைநீரும் கடற்காற்றின் உப்பும் விளக்கினுள் சேர, பித்தளைத் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பும் இரும்பில் துருவும் பிடித்து மின்னோட்டத்தைத் தடுக்கின்றன. பின்விளக்குக்கும் பிறேக் விளக்குக்கும் எர்த் இணைப்பு ஒன்றே. ஆகவே பிறேக்கை மிதிக்கும்போது பின்விளக்கு மங்கினால், முதலில் எர்த் வயரைப் பார்க்க வேண்டும்.

மாரிக்கு முன் நாம் செய்ய வேண்டியவை:

1. பற்றறி இணைப்பைக் கழற்றிய பின்னரே விளக்கு மூடியைத் திறப்போம்.

2. களிம்பை மெல்லிய அரத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைப்போம்.

3. மின்குமிழின் அடியிலும் தொடுமுனையிலும் வாசலீனை மெல்லியதாகப் பூசுவோம். அது ஈரத்தைத் தடுக்கும்.

4. எர்த் வயர் சட்டத்தில் பூட்டியுள்ள இடத்தில் துருவையும் பெயின்றையும் சுரண்டி, இறுகப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுவோம்.

5. மூடியின் றப்பர் வெடித்திருந்தால் மாற்றுவோம். விளக்கின் அடியில் சிறு துவாரம் இருந்தால் அதை அடைக்கக் கூடாது. உட்புகுந்த நீர் வடிவது அதன் வழியேதான்.

கடனீரேரி ஓரமாகப் போய் வந்தால், விளக்கின் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவுவோம். மாலையில் புறப்படுமுன் ஒருவர் பிறேக்கை மிதிக்க, மற்றவர் பின்னால் நின்று பார்க்கட்டும்.