கார்டு வாங்கும் முன் உங்கள் கணினியைச் சோதியுங்கள்

தீபாவளிக்குக் கிடைத்த பணம், பள்ளிச் செலவில் மிச்சம் பிடித்தது, விடுமுறையில் மாமா கடையில் நின்று சம்பாதித்தது எல்லாம் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட் தேறிவிட்டது. அடுத்த சனிக்கிழமை கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்குப் போய் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிடலாம் என்று இருக்கிறீர்கள். நண்பன் ஒரு பெயரைச் சொல்கிறான். யூடியூபில் ஒருவர் வேறொன்றைச் சொல்கிறார். கடைக்காரர் தம்மிடம் இருப்பதைச் சொல்வார். இந்த மூவருமே உங்கள் கணினியைத் திறந்து பார்த்ததில்லை. புதுக் கார்டு மாட்டிய பிறகும் விளையாட்டு முன்போலவே திக்கித் திணறினால், போனது உங்கள் ஓராண்டுச் சேமிப்பு.

முதலில் அந்தக் கார்டு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். சாதாரண 1080பி திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள். பெருக்கினால் 2,073,600. விளையாட்டு நொடிக்கு 60 படங்களாக ஓட வேண்டுமென்றால், ஒவ்வொரு நொடியும் 12 கோடிக்கும் அதிகமான புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடிதான்.

தைப்பூச அன்னதானச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையற்காரர் ஒருவர். எதற்குப் பின் எது, எவ்வளவு உப்பு என்று முடிவெடுப்பவர். அவரைச் சுற்றி வெங்காயம் நறுக்க நூறு தொண்டூழியர்கள். கணினியின் சிபியு அந்தச் சமையற்காரர் போன்றது. அதில் இருப்பவை ஆறு, எட்டு என்ற அளவில் திறமையான கருக்கள். கிராபிக்ஸ் கார்டு அந்தத் தொண்டூழியர் கூட்டம். 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டில் 3,072 சிறு கருக்கள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறம் பெரும்பாலும் அடுத்த புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், ஆயிரக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம்.

கார்டில் இருக்கும் நினைவகம் அவர்கள் நறுக்கும் மேசை. சுவரின் கல், சட்டையின் துணி, புல், வானம் என்று விளையாட்டின் தோற்றப் படங்கள் எல்லாம் அந்த மேசையில் இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் ஒவ்வொரு முறையும் கிடங்குக்கு, அதாவது கணினியின் ரேமுக்கு ஓட வேண்டியிருக்கும். ஓடுகிற அந்த நேரத்தில்தான் படம் ஒரு கணம் உறைந்து நிற்கிறது.

கடையில் பெயரைப் பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். 2016-இல் ஜிடிஎக்ஸ் 1060 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் விற்றன. 6 ஜிபி கார்டில் 1,280 கருக்கள். 3 ஜிபி கார்டில் 1,152. நினைவகம் மட்டும்தான் குறைவு என்று நினைத்து வாங்கியவர்களுக்குக் கருக்களும் குறைந்தே கிடைத்தன. ஆர்டிஎக்ஸ் 3060-இலும் இதே கதை. முதலில் வந்த 12 ஜிபி கார்டின் நினைவகப் பாதை 192 பிட் அகலம். நொடிக்கு 360 ஜிபி தரவு ஓடும். பின்னர் அதே பெயரில் வந்த 8 ஜிபி கார்டில் பாதை 128 பிட். 240 ஜிபி மட்டுமே ஓடும். பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பதைவிட, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அதற்காக எண்களை மட்டும் வைத்து முடிவு செய்தாலும் தவறிவிடும். ஆர்டிஎக்ஸ் 3060-இல் 3,584 கருக்கள், 4060-இல் 3,072. எண்ணிக்கை குறைந்திருந்தும் 1080பி திரையில் பெரும்பாலான விளையாட்டுகளில் 4060 வேகமாக ஓடுகிறது. புதிய கருக்கள் அதிக வேகத்தில் இயங்குகின்றன. சில்லுக்குள்ளேயே இருக்கும் தற்காலிகச் சேமிப்பும் 3 எம்பியிலிருந்து 24 எம்பியாகப் பெருகியிருக்கிறது. ஆனால், ஒரு விளையாட்டுக்கு 8 ஜிபிக்கு மேல் நினைவகம் தேவைப்படும்போது, 12 ஜிபி உள்ள பழைய 3060 அமைதியாக ஓடும், புதியது திணறும். ஆகவே ஒரே தலைமுறைக் கார்டுகளுக்குள் கருக்களை எண்ணி ஒப்பிடலாம். தலைமுறை மாறினால், நீங்கள் ஆடும் அதே விளையாட்டில் இரண்டு கார்டுகளையும் ஓட்டிப் பார்த்த சோதனை முடிவுகளைத் தேடுங்கள்.

சரி, உங்கள் கணினிக்குக் கார்டுதான் குறையா? தொண்டூழியர் நூறு பேர் போதாதென்று இருநூறு பேரை அழைத்து வரலாம். ஆனால் சமையற்காரர் என்ன நறுக்குவது என்று சொல்லத் தாமதித்தால், இருநூறு பேரும் கத்தியோடு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். தாமதம் யாரிடம் என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு காசும் செலவில்லை. தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்திருப்பீர்களே, அதுவேதான் இங்கும் தேவை.

விளையாட்டின் அமைப்பில் வி-சிங்க் என்பதையும் படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் வசதியையும் முதலில் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் எல்லா முடிவும் 60 என்றே வந்து உங்களை ஏமாற்றும். பிறகு விளையாட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதே பாதையில் ஒரு நிமிடம் நடந்து, நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். அடுத்து, வேறு எதையும் மாற்றாமல், படத்தின் அளவை மட்டும் 1080பியிலிருந்து 720பிக்குக் குறையுங்கள். இப்போது புள்ளிகள் 921,600 மட்டுமே, பாதிக்கும் குறைவு. மீண்டும் அதே பாதையில் மூன்று முறை.

எண்ணிக்கை 45-இலிருந்து 80, 90 என்று தாவினால், இதுவரை திணறியது கார்டுதான். புதுக் கார்டு உதவும். 45 என்பது 47, 48 என்ற அளவிலேயே நின்றால், குறை சிபியுவிலோ ரேமிலோ இருக்கிறது. வேலொரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகளில் இப்படி நடப்பது சகஜம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தாலும் தெரியும்: விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டு 95 விழுக்காட்டுக்கு மேல் உழைத்தால் அதுவே முட்டுக்கட்டை, 60 விழுக்காட்டில் சோம்பிக் கிடந்தால் அது வேறு யாருக்காகவோ காத்திருக்கிறது. ஒற்றை 8 ஜிபி ரேம் துண்டோடு ஓடும் கணினியில், அதே வகையில் இன்னொரு துண்டைச் சேர்த்தால் ரேமின் பாதை இரட்டிப்பாகும். கார்டைவிட மிகக் குறைந்த செலவில் முடிகிற வேலை அது.

உங்கள் திரையையும் கேளுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். 200 படம் வரையும் கார்டை வாங்கி அதன் பின்னால் மாட்டினாலும், கண்ணுக்கு வருவது 60-தான். ஏற்கெனவே 60 படம் ஒழுங்காக வருகிறது என்றால், அந்தப் பணத்துக்கு 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கலாமா என்று யோசிப்பது மேல். 4கே திரை வாங்கும் ஆசை இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதில் 1080பியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள்.

அடுத்தது மின்சாரம். இதில் தவறினால் பணம் மட்டும் போகாது, கணினியே நின்றுவிடலாம். மதர்போர்டில் கார்டு செருகும் இடம் அதிகபட்சம் 75 வாட் தரும். ஆறு முள் கம்பி இன்னொரு 75 வாட், எட்டு முள் கம்பி 150 வாட். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட் தேவை என்பதால் தனிக் கம்பி இல்லாமல் ஓடாது. ஜிடிஎக்ஸ் 1650 வகையில் பல கார்டுகள் 75 வாட்டுக்குள் அடங்கி, கம்பியே இல்லாமல் ஓடுகின்றன. அலுவலகத்திலிருந்து கழித்துக் கட்டிய கணினியை மலிவாக வாங்கி விளையாடும் மாணவர்கள் இங்கே நிறைய பேர். அவற்றில் பலவற்றின் பவர் சப்ளை சிறியது. கார்டுக்கான கம்பியும் இருக்காது. ஒல்லியான பெட்டியாக இருந்தால் அரை உயரக் கார்டுதான் உள்ளே போகும். அளவுகோலை எடுத்து நீளம், உயரம் இரண்டையும் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பவர் சப்ளையின் மேல் '500 வாட்' என்று ஒட்டியிருப்பதை நம்பிவிடாதீர்கள். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால், 12-ஐ 18-ஆல் பெருக்க 216 வாட். கார்டும் சிபியுவும் முக்கியமாக அந்த 216-இலிருந்துதான் பங்கு கேட்கும். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பாதுகாப்புக்கான சான்று அல்ல.

கார்டு இழுக்கும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வரும். 170 வாட் கார்டுக்கும் 115 வாட் இழுக்கும் 4060-க்கும் வேறுபாடு 55 வாட். ஒரு கூரை மின்விசிறி இழுக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட. குளிரூட்டி இல்லாத அறையில் மத்தியானம் விளையாடுபவர்களுக்கு இது வெறும் எண் அல்ல.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம், கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டு. 2022 செப்டம்பரில் ஈத்தரியம் மின்னாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதைத் 'தோண்ட' இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. அப்படி ஓடிய கார்டின் சில்லு கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. தேய்வது பெரும்பாலும் விசிறியும் வெப்பப் பசையும். ஆபத்தானது வேறொன்று: மிகப் பழைய கார்டின் மென்பொருளை மாற்றி, புதிய கார்டின் பெயரைச் சொல்ல வைத்து விற்கும் மோசடி. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலிகள் பலவற்றைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். விற்பவர் முன்னிலையில் அதை ஓட்டுங்கள். பிறகு இருபது நிமிடம் ஒரு கனமான விளையாட்டை ஓட்டி, திரையில் கோடுகளோ நிறப் புள்ளிகளோ வருகின்றனவா, விசிறி உறுமுகிறதா என்று கவனியுங்கள். "பிளக் இல்லை தம்பி, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்" என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம். பணத்தோடு போகும்போது அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

எல்லாம் முடிந்து கார்டை மாட்டியதும், திரையின் கம்பியை மதர்போர்டின் துளையில் அல்லாமல் கார்டின் துளையில் செருகுங்கள். பழைய இடத்திலேயே கம்பியை விட்டுவிட்டு, "புதுக் கார்டு வேலை செய்யவில்லை" என்று கடைக்கே திரும்பப் போனவர்கள் உண்டு. 144 ஹெர்ட்ஸ் திரை என்றால் விண்டோஸ் அமைப்பிலும் 144-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல நேரங்களில் அது 60-இலேயே நிற்கும். பிறகு அதே பாதையில் மூன்று முறை நடந்து, பழைய தாளில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணையும் எழுதுங்கள்.