அடுத்தவர் படத்தைப் போட்டு நம் கன்றை விற்கலாமா?

மாரி தொடங்கும் ஐப்பசியில் மட்டக்களப்பு முகநூல் பக்கங்களைத் திறந்தால் மிளகாய் நாற்று, கத்தரி நாற்று, ஒட்டு மாங்கன்று என்று விளம்பரங்கள் வரிசை கட்டும். களுதாவளையிலும் வவுணதீவிலும் வீட்டு வளவில் நிழல்வலை கட்டிக் கன்று வளர்ப்பவருக்கு வாட்ஸ்அப்தான் கடை. கன்று அவருடையது. ஆனால் படமும் அதன் கீழுள்ள விளக்கமும் பல வேளைகளில் வேறொருவருடையவை.

“கூகிளில் கிடந்தது” என்பது சட்டத்திடம் எடுபடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, ஒருவர் படம் எடுத்த கணமே அதன் பதிப்புரிமை அவருக்கு வந்துவிடும். பதிவு செய்யத் தேவையில்லை. அவர் வாழும் காலமும், அதன்பின் 70 ஆண்டுகளும் அந்த உரிமை செல்லும். இலங்கை 1959 முதல் பேர்ண் உடன்படிக்கையில் இருப்பதால், தமிழ்நாட்டு நாற்றுப்பண்ணைக்காரர் எடுத்த படத்துக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. வெறும் விளம்பரப் படம்தானே என்றும் தப்ப முடியாது. சர்க்கஸ் சுவரொட்டிக்கே பதிப்புரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1903இல் தீர்ப்பளித்திருக்கிறது. படத்தின் ஓரத்திலுள்ள பெயரை வெட்டிவிட்டுப் போடுவது இன்னும் மோசம். தன் பெயர் படத்தோடு வரவேண்டும் என்பது எடுத்தவரின் தனி உரிமை.

விளக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. தகவலுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. மிளகாயை 60க்கு 45 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடவேண்டும் என்பதையோ, இனத்தின் பெயர் எம்.ஐ.2 என்பதையோ யாரும் எழுதலாம். அதைச் சொல்ல இன்னொருவர் அமைத்த வாக்கியங்களை அப்படியே ஒட்டுவதுதான் தவறு. விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரம் அரசாங்கத்துடையது, ஆகவே எல்லாருக்கும் பொது என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டம், நிருவாகம், நீதி சார்ந்த உத்தியோகபூர்வ வாசகங்களுக்குத்தான் அந்த விலக்கு. பயிர்ச்செய்கைக் கைந்நூலுக்கு இல்லை.

தெரிந்தே மீறினால் நீதவான் நீதிமன்றம் 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ, 6 மாதச் சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஐம்பது ரூபாக் கன்றுக்காக வழக்குப் போட யார் வரப்போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் படத்துக்குரியவர் பேஸ்புக்கில் ஒரு முறைப்பாடு கொடுத்தால் பதிவு போய்விடும். திரும்பத் திரும்ப நடந்தால் பக்கமே முடக்கப்படலாம். சேர்த்து வைத்த வாடிக்கையாளரும் அதோடு சரி.

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய சிக்கல் வாங்குகிறவர் பக்கம் இருக்கிறது. மரக்கறியைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஒட்டு மாங்கன்றில் காய் பார்க்க மூன்று, நான்கு வருடமாகும். அதுவரை அவருக்கு இருக்கும் ஒரே அத்தாட்சி நீங்கள் போட்ட படம். அது வேறு நாட்டுச் செம்மண் தோட்டத்தில் குலைகுலையாகக் காய்த்த மரமாக இருந்து, கன்று நிற்பது மட்டக்களப்பின் கடலோர எழுவான்கரை மணலாக இருந்தால் என்ன செய்வது? கன்றின் தரம், இனம் பற்றிப் பிழையான எண்ணம் தரும் விளம்பரத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. படக்காரர் சம்மதித்திருந்தாலும் இந்தக் குற்றம் தீராது. நீல ஸ்ட்ரோபெரி, வானவில் ரோசா என்று கணினியில் நிறம் மாற்றிய படங்களால் உலகெங்கும் விதை விற்று ஏமாற்றியவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு வரிசையில் நிற்க எந்த வளவுக்காரரும் விரும்பமாட்டார்.

கைத்தொலைபேசியே போதும். காலை வெயிலில், கன்றுப் பையின் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து எடுங்கள். வேரைக் காட்டப் பையை ஓரமாகக் கிழித்து ஒன்று, தாய்மரம் இருந்தால் அதையும் ஒன்று. காய்த்த மரத்தின் படம் இல்லையென்றால், முன்பு உங்களிடம் வாங்கியவரிடம் கேட்டு வாங்கலாம். சம்மதத்தை எழுத்தில் வைத்திருங்கள். விக்கிமீடியா கொமன்ஸ் போன்ற இடங்களில் பெயர் குறிப்பிட்டுப் பாவிக்கக்கூடிய படங்கள் உண்டு. அவற்றைப் போட்டால் “மாதிரிப் படம்” என்று படத்தின் மேலேயே எழுதவேண்டும்.

நாளை உங்கள் படத்தை இன்னொருவர் எடுத்தால் இதே சட்டம் உங்களுக்கும் உதவும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் சுருங்கி, எடுத்த திகதி போன்ற விபரங்களும் போய்விடும். ஆகவே மூலப் படத்தைத் தொலைபேசியிலிருந்து அழிக்காதீர்கள்.