ட்ரோனும் மூன்று வாயில்களும்

சென்ற கோடை விடுமுறைக்கு முன்னர், சிங்கப்பூரில் பணிபுரியும் என் தாய்மாமன் தொலைபேசியில் அழைத்தார்.

"மாப்ளே, ஏரியெல்லாம் மேலேருந்து படம் புடிக்கணும்னு சொன்னியே, அந்தப் பறக்குற கேமரா ஒண்ணு இங்க பாத்தேன். வாங்கிட்டு வரட்டுமா? சட்டத்துல எடம் இருக்கா? நீ படிச்ச புள்ள, பாத்துச் சொல்லு."

நான் எதையும் பார்க்கவில்லை. "249 கிராம்தான் மாமா, எடை கொறஞ்சதுக்கு ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பச்சை வழியிலேயே வெளிய வந்துடுங்க" என்று சொல்லிவிட்டேன். அறிவியல் முதுகலை பயிலும் மாணவன் கூறிய விடை அது! அந்த விடை எத்துணைப் பிழையானது என்பதையும், சரியான விடை யாது என்பதையும் நம் மன்றத்துத் தோழர்களுக்குக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நம்மில் பலருக்குக் கடல் கடந்த நாடுகளில் உறவினர் உண்டு. என்னிடம் கேட்டது போல் நாளை உங்களிடமும் கேட்பார்கள்.

ட்ரோனுடன் வானூர்தியில் பயணம் செய்பவர் மூன்று வாயில்களைக் கடக்க வேண்டும். முதல் வாயிலில் நிற்பவர் பாதுகாப்புக் காவலர். இரண்டாம் வாயிலில் நிற்பவர் சுங்க அதிகாரி. மூன்றாம் வாயில் வானமே. மூன்றிலும் கேட்கப்படும் கேள்விகள் வேறு வேறு. ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றில் சொன்னதே நான் செய்த பிழை.

முதல் வாயிலில் எழும் கேள்வி நெருப்பைப் பற்றியது. ட்ரோனின் உயிர் அதன் லிதியம் மின்கலத்தில் இருக்கிறது. அக்கலத்தின் நேர்முனையையும் எதிர்முனையையும் மிக மெல்லிய படலம் ஒன்று பிரித்து நிற்கிறது. இடையே நிறைந்திருப்பதோ எளிதில் தீப்பற்றும் கரைசல். படலம் கிழிந்தாலும், வெளிமுனைகள் இரண்டும் ஒரு சாவியையோ நாணயத்தையோ தொட்டு இணைந்தாலும், கலம் சூடேறும். அச்சூடு உள்ளே வேதிவினையை விரைவுபடுத்தும். விரைந்த வினை மேலும் சூட்டைப் பெருக்கும். இவ்வாறு ஒரு கலம் எரிந்து, அடுத்த கலத்தையும் எரிக்கும். 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், பெருந்தொகையான லிதியம் மின்கலங்களை ஏற்றிக்கொண்டு துபாயிலிருந்து கிளம்பிய சரக்கு வானூர்தி ஒன்று தீப்பிடித்து விழுந்தது. அதிலிருந்த விமானிகள் இருவரும் உயிரிழந்தனர்.

ஆகவேதான் உதிரி மின்கலத்தைச் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கலாகாது. கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். "ஆபத்தான பொருளை மக்கள் நடுவே வைப்பதா?" என்று நானும் முதலில் வியந்தேன். காரணம் எளியது. பயணிகள் அறையில் புகை எழுந்தால் உடனே ஒருவர் கண்ணில் படும். பணியாளர் தீயை அடக்கி, தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்வர். சரக்கறைக்குள் எவர் கையும் எட்டாது. அங்குள்ள தீயணைக்கும் வாயு சுடரை அடக்கலாம். கலத்துக்குள் பெருகும் வெப்பத்தை அது நிறுத்தாது.

அளவையும் தெரிந்துகொள்வோம். வோல்ட் எண்ணை ஆம்பியர்-மணி எண்ணால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 7.7 வோல்ட், 2.25 ஆம்பியர்-மணி உடைய சிறு மின்கலம் ஏறத்தாழ 17.3 வாட்-மணி. 15.4 வோல்ட், 5 ஆம்பியர்-மணி உடைய பெரிய மின்கலம் 77 வாட்-மணி. 100 வரை கைப்பையில் கொண்டு செல்லலாம். 100-க்கு மேல் 160 வரை விமானக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். உதிரி இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணியின் மூட்டையில் அதற்கு இடமே இல்லை. ஒவ்வொரு மின்கலத்தின் முனைகளையும் ஒட்டுநாடாவால் மூடித் தனித்தனி உறையில் இடுங்கள். ட்ரோனின் உடலை எந்தப் பையில் வைப்பது என்பதில் குழுமத்துக்குக் குழுமம் வழக்கம் மாறும். முன்னரே எழுதிக் கேட்டு, விடையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ செல்பவருக்குப் பயணத்தில் இந்த ஒரு வாயில்தான்.

வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு இரண்டாம் வாயில் உண்டு. இங்கு நெருப்பைப் பற்றியோ எடையைப் பற்றியோ கேள்வி இல்லை. "இப்பொருள் நாட்டுக்குள் வரலாமா?" என்பதே கேள்வி. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை விதித்தது. முழுமையாகச் செய்தது, பாதி பூட்டியது, பூட்டுவதற்காகப் பிரித்து வைத்தது ஆகிய மூன்றுக்கும் தடை உண்டு. தனி உறுப்புகளுக்குத் தடை இல்லை. உள்நாட்டில் ட்ரோன் தொழில் வளர வேண்டும் என்பதே நோக்கம். பாதுகாப்புக்கும் ஆராய்ச்சிக்கும் விலக்கு உண்டு. ஆயின் ஆராய்ச்சிக்கு வேண்டுமெனில், அரசு ஏற்ற கல்வி நிறுவனம் விண்ணப்பித்து முன்னதாகவே உரிமம் பெற வேண்டும். மருமகன் ஏரி ஆராய்ச்சி செய்கிறான் என்று மாமன் பெட்டியில் கொண்டுவர இயலாது. 249 கிராம் என்பதற்கு இவ்வாயிலில் எவ்வித மதிப்பும் இல்லை.

என் மாமா வந்திறங்கிய இரவு, நான் வெளியே காத்திருந்தேன். அவரோடு வந்தவர்கள் எல்லாரும் சென்ற பின்னும் அவரைக் காணவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு தாளுடன் வந்தார். நான் சொன்ன பச்சை வழியில் அவர் செல்லவில்லை. அறிவிக்க வேண்டிய பொருள் உடையோர் செல்லும் சிவப்பு வழிக்குத் தாமே போய், "இது எங்க அக்கா மகனுக்கு. கொண்டு போலாமா, கூடாதான்னு எனக்குத் தெரியாது" என்று பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறார். அதிகாரி கன்னடம் கலந்த தமிழில் தடையை விளக்கி, கருவியைத் தம்மிடம் நிறுத்திக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சீட்டின் பொருள் என்ன? 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு, தீர்வைக்குரிய பொருளையோ தடை செய்யப்பட்ட பொருளையோ உண்மையாக அறிவித்த பயணி வேண்டிக்கொண்டால், அதனை நிறுத்தி வைத்து, அவர் நாட்டை விட்டுச் செல்லும்போது திருப்பித் தர வழி செய்கிறது. அறிவிக்காமல் மறைத்தவருக்கு இவ்வழி இல்லை. பொருள் பறிமுதலாகலாம், தண்டமும் விதிக்கப்படலாம். பதினெட்டு ஆண்டுகளாகக் கடவுச்சீட்டை நம்பிப் பிழைக்கும் ஒருவர் பெயரில் அப்படியொரு குற்றம் பதிவாகியிருந்தால் அவர் குடும்பத்தின் நிலை என்ன? அதை எண்ணிய இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

இங்கு வாங்கிய விலையுயர்ந்த கருவியை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வோர் ஒன்றை மறக்க வேண்டாம். புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று பெறுங்கள். திரும்புகையில் அது உங்கள் பழைய பொருளே என்று காட்ட அச்சான்று உதவும். செல்லும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். மொராக்கோவைப் போல் ட்ரோனை உள்ளேயே விடாத நாடுகளும் உள்ளன.

மூன்றாம் வாயிலில்தான் எடைக்கு மதிப்பு. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரையுள்ளது நுண்வகை. அதை ஓட்ட ஓட்டுநர் சான்று வேண்டியதில்லை. வணிக நோக்கமின்றி 2 கிலோ வரை ஓட்டுவோருக்கும் அச்சலுகை உண்டு. ஆயினும் பதிவு எண்ணும் வான எல்லையும் எல்லாருக்கும் உரியவை. பச்சைப் பகுதியில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள இடத்தில் 200 அடிதான். அதனினும் நெருங்கினால் அனுமதி வேண்டும். நம் நகரிலோ தேவனஹள்ளியில் பன்னாட்டு விமான நிலையம், எலகங்காவில் விமானப்படைத் தளம், கிழக்கே பழைய எச்.ஏ.எல். நிலையம். எனவே, விடுதி மாடியில் நின்று கருவியைப் பறக்கவிடுமுன் அரசின் வான்வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

மூன்று வாரம் கழித்து மாமா அதே விமான நிலையத்தின் வழியே திரும்பினார். சீட்டைக் காட்டிக் கருவியைப் பெற்றுக்கொண்டு, சிங்கப்பூரில் நண்பர் மகனுக்குக் கொடுத்துவிட்டார். என் ஏரிப் படங்களை எங்கள் துறையின் இந்திய ட்ரோனைக் கொண்டு, சான்று பெற்ற ஆய்வாளர் ஒருவர் எடுத்துத் தந்தார். நான் முதலிலேயே அவரைக் கேட்டிருக்கலாம்.

அன்றிரவு பேருந்தில் வருகையில் நான் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "எடை கொறைவுன்னியே மாப்ளே, அங்க யாரும் தராசு வச்சுகிட்டு நிக்கலியே" என்றார். பிறகு, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு. நான் வேற ஆளக் கேட்டுக்குவேன்ல" என்றார்.

தோழர்களே, ஊரில் நம்மைப் படித்த பிள்ளை என்று நம்பிக் கேட்கிறார்கள். நாம் சொல்லும் விடையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் வாயிலில் நிற்கிறார்கள். பார்த்துச் சொல்வோம், தெரியாவிடில் தெரியாது என்போம்.