அலுவலும் தோட்டமும்

சொந்த ஊரை விட்டு வந்து வேற்றூரில் உத்தியோகம் பார்ப்போர் வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு மூவர் உரிமை கொண்டாடுகின்றனர். வாரம் முழுதும் உழைத்த உடல் ஓய்வு கேட்கிறது. மாதக் கடைசியோ, உபதொழில் ஏதேனும் செய்து நாலு காசு தேடச் சொல்கிறது. மனம் தனக்கு விருப்பமான வேலையைச் செய்ய வேண்டுமென்று அடம் பிடிக்கிறது. வரவையும் செலவையும் சரிக்கட்டிப் பழகிய நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கும் இக்கணக்கு எளிதில் நேராவதில்லை.

இவ்வழக்கைத் தமக்கே உரிய முறையில் தீர்த்துக்கொண்டவர் ஒருவர் சண்டிகரில் இருந்தார். நேக் சந்த் என்பது அவர் பெயர். இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், 1924-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1947-இல் நாடு பிரிந்தபோது ஊரையும் உடைமையையும் விட்டுவிட்டு இந்தியாவுக்கு வந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் லெ கார்புசியே வகுத்த திட்டப்படி சண்டிகர் நகரம் எழும்பத் தொடங்கியது. அங்கே பொதுப்பணித் துறையில் சாலை மேற்பார்வையாளர் வேலை அவருக்குக் கிடைத்தது.

புது நகரம் எழ வேண்டுமாயின் பழைய கிராமங்கள் பல இடிந்தாக வேண்டும். அவ்வாறு இடிந்த வீடுகளின் ஓடும், உடைந்த பீங்கானும், கண்ணாடி வளையல் துண்டுகளும் குப்பையாய்க் குவிந்து கிடந்தன. மற்றவர் கண்ணுக்குக் குப்பையாகப் பட்டது அவர் கண்ணுக்கு அவ்வாறு படவில்லை. அலுவல் முடிந்தபின் அவற்றைப் பொறுக்கி மிதிவண்டியில் ஏற்றி, சுக்னா ஏரிக்கு அருகிலிருந்த காட்டுப் பள்ளம் ஒன்றில் கொண்டு சேர்த்தார். ஆற்றுப் படுகைகளிலிருந்து விசித்திர வடிவமுள்ள கற்களையும் அவ்வாறே சுமந்து வந்தார். இரவில் பழைய டயர்களை எரித்து, அந்த வெளிச்சத்தில் வேலை செய்தார். பாதை, மதில், மனித உருவங்கள், விலங்குகள், பறவைகள் என்று ஒரு முழுத் தோட்டமே அங்கு உருவாயிற்று. ஏறத்தாழ 18 ஆண்டுகள் மேலதிகாரிகள் அதனை அறியவில்லை. பகலில் அவர் ஒழுங்காகச் சாலை வேலையைப் பார்த்து வந்தார்.

அந்நிலமோ கட்டடம் எதுவும் எழுப்பலாகாது என்று விலக்கப்பட்ட அரசாங்கக் காடு. மேலதிகாரியின் ஒப்பமின்றி ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றத் துணியாத நமக்கு, இச்செய்தி திகைப்பையே ஊட்டுகிறது. விஷயம் வெளிப்பட்டபோது அனைத்தும் இடிபட்டுப் போகலாம் என்னும் நிலை வந்தது. பொதுமக்கள் அதன்மேல் கொண்ட பற்றும், நல்லுள்ளம் படைத்த அதிகாரிகள் சிலரின் ஆதரவும் அதனைக் காத்தன. 1976-இல் தோட்டம் யாவருக்கும் திறந்துவிடப்பட்டது. நேக் சந்துக்கு அதற்கெனவே பதவியும் சம்பளமும், துணைக்கு 50 தொழிலாளரும் அளிக்கப்பட்டனர். 1984-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2015-இல் காலமானார். அத்தோட்டத்தைப் பார்க்க இன்றும் மக்கள் திரள்கின்றனர்.

இவர் வரலாற்றில் நாம் கைக்கொள்ள வேண்டியது எது, விட்டுவிட வேண்டியது எது என்று பிரித்துப் பார்த்தல் நலம். அவர் விற்பதற்காக எதையும் செய்யவில்லை. காசு கொடுத்து அதிகமாக எதையும் வாங்கவுமில்லை. சம்பளம் வீட்டைக் காத்தது; தோட்டம் அவருடைய உள்ளத்தைக் காத்தது. ஒன்றன் பாரத்தை மற்றொன்றின் தலையில் அவர் ஏற்றவில்லை என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆனால் இரவுத் தூக்கத்தை விட்டு உழைத்ததும், அரசாங்க நிலத்தில் இரகசியமாகக் கட்டியதும் எல்லார்க்கும் ஆகும் வழிகள் அல்ல. மனைவி மக்களுக்கு உரிய மாலை நேரத்தையும் இதில் கணக்கிட வேண்டும். நம் பத்திரிகையைப் படிக்கும் தாய்மார்கள் இவ்விடத்தில் தலையசைப்பார்கள் என்பது திண்ணம்.

இனி, தோட்டக் கலையில் கைதேர்ந்த சிலர், பிறருடைய பங்களாக்களுக்குப் புல்தரையும் பூம்பாத்தியும் அமைத்துக் கொடுத்து ஊதியம் பெறலாமே என எண்ணக்கூடும். தனியார் கம்பெனிகளில் இருப்போர் தத்தம் விதிகளைப் பார்த்துக்கொள்ளட்டும். நம் இரயில்வேக்காரர் 1966-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15-ஆவது விதியைப் படித்துப் பார்த்தல் அவசியம். முன் அனுமதியின்றி வியாபாரமோ வேறு வேலையோ செய்தல் கூடாது. கட்டணம் பெறவும் அனுமதி வேண்டும். கைம்மாறு கருதாத சமூகப் பணிக்கும், எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, விஞ்ஞானப் பணிக்கும், அலுவலுக்கு ஊறு நேராதவரை, இடமுண்டு. ஆகவே பள்ளிக்கூடத்திற்கோ மருத்துவமனைக்கோ இலவசமாகத் தோட்டம் போட்டுக் கொடுப்பதற்குத் தடையில்லை. வீட்டில் மனைவி அப்பளமோ மாவோ செய்து விற்றால், அதனையும் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். இதனை அறியாதார் பலர். ஒரு விண்ணப்பத் தாளுக்குச் சோம்பல்பட்டு, ஓய்வூதியம் தரும் உத்தியோகத்தை இடரில் வைப்பானேன்?

குவார்ட்டர்ஸில் குடியிருப்போருக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. ஆசையாய் வைத்த முருங்கை காய்க்கும் ஆண்டிலேயே மாற்றல் உத்தரவு வந்து நிற்கும்! அடுத்து வருபவர் சாம்பார் வைத்துக்கொள்ளட்டும் என்று மகிழும் மனம் இருந்தால் தரையில் மரம் வைக்கலாம். அம்மனம் வாய்க்காதவர் தொட்டியில் வளர்ப்பதே உத்தமம். தொட்டிகள் சாமான்களோடு லாரியில் ஏறிவிடும்.

நாள்தோறும் அரைமணி நேரம், அலுவலுக்குப் புறப்படும் முன், போதுமானது. வட இந்தியாவில் இருக்கும் அன்பர்கள் அக்டோபரில் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பாலக், பட்டாணி விதைக்கலாம். குளிர் நீங்கியபின் பிப்ரவரி, மார்ச்சில் வெண்டை, சுரை, பீர்க்கு. பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பாத்தியை ஒப்படைத்தால் தண்ணீர் ஊற்றும் வேலை நம்மை விட்டு நீங்கும். அவர்களுக்குத் தமிழில் கீரைகளின் பெயரும் தெரிந்துவிடும்.

கறிவேப்பிலைச் செடிக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். உறைபனி பெய்யும் இரவுகளில் பழைய சாக்கினால் மூடி வைக்க வேண்டும். தை மாதத்தில் இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்குச்சியாக நிற்பின், பட்டுப்போயிற்று என்று பிடுங்கி எறிந்துவிட வேண்டா. அப்போது தண்ணீரை மிகக் குறைத்து, வெயில் படும் சுவரோரமாக நகர்த்தி வைத்தால், வெயில் ஏறும் பங்குனியில் அடியிலிருந்து துளிர் விடும்.