மதகும் சேவையகமும்

கம்பம் பள்ளத்தாக்கில், 1895-ஆம் ஆண்டு முடிந்த பெரியாற்று அணையின் நீர் சுரங்கவழி வந்து, மதகுகளால் அளக்கப்பெற்றே வயல் சேர்கின்றது. ஜாவாச் செயலிகளை இயக்கும் சேவையகத்தை ஆளும் முறையும் இதனை ஒத்ததே. தேர்வு முடிவு நாளில் ஆயிரவர் ஒருங்கே வினவுவரேல், ஒவ்வொருவர்க்கும் தரவுத்தளத்தோடு புதிய இணைப்புத் திறத்தல் காலத்தை வீணாக்கும். ஆதலின் சில இணைப்புகளை முன்னரே திறந்து தொகுத்துவைத்து, மாறிமாறி வழங்குவர். கிளாஸ்பிஷ் என்னும் சேவையகம், நிர்வாகி வேறு விதியாவிடின், 8 இணைப்புகளோடு தொடங்கி 32 வரை உயர்த்தும். மிகுந்தோர் 60 நொடி காத்திருப்பர். அதற்குள் கிடையாதேல் பிழையே விடையாகும்.

அங்ஙனமாயின் எண்ணிக்கையை உயர்த்தினாற் போதாதோ எனின், போதாது. தரவுத்தளம் தாங்கும் அளவே எல்லை. அன்றியும், பெற்ற இணைப்பைத் திருப்பித் தராத நிரல், மடையை அடைக்காமல் வீடு திரும்பிய உழவனை ஒக்கும், கடைமடை காயும். ஆகவே நிர்வாகி, அளவை உயர்த்துமுன் கசிவைத் தேடுக.