உரசாத குச்சியில் என்ன இருக்கிறது?

2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனது. 14 ஆண்டுக்குப் பிறகு ஏற்றுகிறோம், பெட்டிக்குள் இனி 36 குச்சிக்குப் பதில் 50 குச்சி இருக்கும் என்று உற்பத்தியாளர்கள் சமாதானம் சொன்னார்கள். ஐம்பதும் எரியுமா என்று கேட்டிருந்தால் பதில் சொல்வது லேசாக இருந்திருக்காது. ஒரு குச்சி நல்ல குச்சிதானா என்று தெரிய வேண்டுமானால் உரசிப் பார்க்க வேண்டும். உரசிவிட்டால் அதோடு அது தீர்ந்தது. எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத்தான் விற்பேன் என்று ஒரு முதலாளி பிடிவாதம் பிடித்தால், விற்பதற்குக் கரிதான் மிஞ்சும்.

ஆகவே சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களிலிருந்து லாரி ஏறும் ஒவ்வொரு பண்டலும், இன்னும் நடக்காத ஒன்றின் பேரில்தான் விலைபோகிறது. ‘உரசினால் எரியும்.’ இந்த இரண்டு சொல், இருபதாம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. வேடிக்கை என்னவென்றால், அவர்களில் முக்கியமான இருவர் உதாரணத்துக்குக் கையில் எடுத்ததும் தீக்குச்சியைத்தான்.

முதலாமவர் ருடால்ஃப் கார்னாப். வியன்னா வட்டத்தைச் சேர்ந்தவர். எதைச் சொன்னாலும் அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும் என்ற கட்சி. ‘கரையக்கூடியது’, ‘உடையக்கூடியது’ போன்ற சொற்கள் அந்தக் கட்சிக்குத் தலைவலி. சர்க்கரை டப்பாவுக்குள் கிடக்கும்போதும் கரையக்கூடியதுதான். ஆனால் அங்கே கரைவது எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சரி, ‘தண்ணீரில் போட்டால் கரையும்’ என்பதுதானே அர்த்தம், அப்படியே எழுதிவிட்டால் போகிறது என்று தோன்றும். சிக்கல் அங்கேதான். கணித தர்க்கத்தில் ‘அ நடந்தால் ஆ நடக்கும்’ என்ற வாக்கியம் ஒரே ஒரு நிலையில்தான் பொய்: அ நடந்தும் ஆ நடக்காமல் போனால். அ நடக்கவே இல்லையென்றால் வாக்கியம் தானாக மெய்யாகிவிடும். 1936-இல் கார்னாப் இதன் விபரீதத்தைக் காட்டினார். நேற்று முழுக்க எரிந்துபோன ஒரு மரத் தீக்குச்சி. அது தன் வாழ்நாளில் தண்ணீரில் விழுந்ததே இல்லை. அப்படியானால் ‘தண்ணீரில் போட்டால் கரையும்’ என்பது அதைப் பொறுத்தவரை மெய். மரக்குச்சியும் கரையக்கூடியதுதான் என்று தர்க்கம் சான்றிதழ் கொடுத்துவிடுகிறது. இதே கணக்கில், மருந்து முக்காத வெறுங்குச்சியும் யாரும் உரசாதவரை ‘உரசினால் எரியும்’ குச்சிதான். எந்தத் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளையும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

அடுத்தவர் நெல்சன் குட்மன், அமெரிக்கர். 1947-இல் அவர் எடுத்துக்கொண்டது, நடக்காமலே போன ஒன்றைப் பற்றிய வாக்கியம்: ‘அந்தக் குச்சியை உரசியிருந்தால் எரிந்திருக்கும்.’ கேட்டதும் தலையாட்டுவோம். ஆனால் சொல்லாமல் விட்டவை எத்தனை! குச்சி காய்ந்திருக்க வேண்டும், காற்று வேண்டும், மருந்து சரியாகப் பிடித்திருக்க வேண்டும். அன்று இருந்த நிலைமைகளை எல்லாம் கூடவே சேர்த்துக்கொண்டால் ஆயிற்று என்போம். குட்மன் அங்கே கொக்கி போடுகிறார். குச்சி எரியவில்லை என்பதும் அன்று இருந்த நிலைமைதானே, அதை ஏன் சேர்க்கக் கூடாது? காற்று இருக்கிறது, மருந்து நன்றாக இருக்கிறது, குச்சி எரியவில்லை. இத்தோடு உரசலையும் சேர்த்துப் பாருங்கள். ‘உரசியிருந்தால் குச்சி ஈரமாக இருந்திருக்கும்’ என்ற கிறுக்குத்தனமான முடிவு வருகிறது. எந்த உண்மையை அப்படியே வைத்துக்கொள்ளலாம், எதைக் கைவிட வேண்டும் என்பதற்கு விதி தேடினால், அந்த விதியே இன்னொரு ‘இருந்திருந்தால்’ வாக்கியத்தில் போய் முட்டுகிறது.

தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1973-இல் ஒரு வழி சொன்னார். குச்சி உரசப்பட்ட உலகங்களில் நம் உலகத்துக்கு மிக நெருக்கமானதை எண்ணிப் பாருங்கள். அங்கே அது எரிந்தால் வாக்கியம் மெய். எது நெருக்கம், யார் அளப்பது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

குட்மன் குச்சியைப் பார்த்தார், பெட்டியைப் பார்க்கவில்லை என்பது என் குறை. குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கொஞ்சம் கந்தகம், கண்ணாடித் தூள், எல்லாவற்றையும் பிடித்து வைக்கும் பசை. பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ், அங்கும் கண்ணாடித் தூள். உரசும்போது பட்டையிலிருந்து துளியினும் துளியாகப் பாஸ்பரஸ் பெயர்ந்து குளோரேட்டோடு தேய்கிறது. சர்ரென்று கேட்கும் அந்தச் சத்தத்துக்குள் பற்றிய பொறி கந்தகத்துக்குத் தாவி, குச்சி முனையில் ஏற்றிய மெழுகைப் பிடித்து, அப்புறம்தான் மரத்துக்கு வருகிறது. அதே குச்சியைச் சுவரில் தேய்த்தால் தலைதான் உதிரும்.

அப்படியானால் எரியும் தன்மை எங்கே இருக்கிறது, குச்சியிலா, பட்டையிலா? தன்மைகள் தனியாக இருந்து வேலை செய்வதில்லை, ஜோடி சேர்ந்துதான் வெளிப்படுகின்றன என்று வாதிட்டவர் சி.பி. மார்ட்டின் என்ற தத்துவ அறிஞர். உப்பின் கரையும் தன்மைக்குத் தண்ணீரின் கரைக்கும் தன்மை ஜோடி. அவருக்கு வெகுகாலம் முன்பே அதே யோசனையை ஸ்வீடன்காரர்கள் பெட்டியாகவே செய்துவிட்டார்கள். பழைய குச்சிகளில் வெள்ளை பாஸ்பரஸ் தலையிலேயே இருந்தது. எங்கே தேய்த்தாலும் பற்றும், அதைச் செய்தவர்களின் தாடை எலும்பு அழுகும். 1844-இல் குஸ்தாஃப் எரிக் பாஷ் ஜோடியைப் பிரித்தார். பாஸ்பரஸ் பெட்டிக்குப் போனது. லுண்ட்ஸ்ட்ரம் சகோதரர்கள் 1855 வாக்கில் அதைப் பெரிய தொழிலாக்கினார்கள். வெள்ளை பாஸ்பரஸ் குச்சியை இந்தியா 1913-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியபோது, பிரித்து வைப்பதுதான் தொழிலின் அடிப்படைப் பாதுகாப்பாக ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது.

பட்டாசில் இந்த வசதி கிடையாது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் மூன்றும் ஒரே காகிதக் குழாய்க்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பட்டாசே அல்ல. ஜோடியைப் பிரிக்க முடியாத இடத்தில் அடக்கி வைக்கத்தான் முடியும். ஓர் உதாரணம் போரிக் அமிலம். நைட்ரேட்டும் அலுமினியப் பவுடரும் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் உள்ளுக்குள் வேதிவினை தொடங்கிச் சூடேறும், யாரும் உரசாமலே பற்றிக்கொள்ளவும் கூடும். சிறிதளவு போரிக் அமிலம் சேர்த்தால் அந்த வினை அடங்கிவிடும். இப்போது ‘ஈரம் பட்டால் சூடேறும்’ என்ற வாக்கியம் இந்தக் கலவைக்குப் பொய். ஆனால் அலுமினியமும் நைட்ரேட்டும் தங்கள் குணத்தை விட்டுவிடவில்லை. இத்தகையவற்றைத் தத்துவ அறிஞர் அலெக்சாண்டர் பேர்ட் 1998-இல் முறிமருந்துகள் என்று வகைப்படுத்தினார். தன்மை வேறு, அதை விவரிக்கும் ‘ஆல்’ வாக்கியம் வேறு. முன்னது இருக்கும்போதே பின்னது பொய்க்கலாம் என்பது வாதம்.

மார்ட்டின் 1994-இல் சொன்ன உதாரணம் இன்னும் குசும்பானது. ஒரு கம்பியோடு ஒரு கருவி. யாராவது தொடப்போகும் கணத்தில் அது கம்பியின் மின்சாரத்தையே மாற்றிவிடும். வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சாதனம் கிட்டத்தட்ட இந்த வேலையைத்தான் செய்கிறது. கம்பியில் மின்சாரம் ஓடுகிறது, தொட்டால் ஆளைக் கொல்லும். தொட்ட சில பத்து மில்லிநொடிகளில் மின்சாரமே அறுந்துவிடுவதால் கொல்வதில்லை. ‘தொட்டால் கொல்லும்’ என்ற தன்மை தொடும்போது காணாமல் போகிறது.

இதெல்லாம் அண்மைக்கால மேலைநாட்டுக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். குறிப்பிட்ட ஒரு ரத்தின மணியை அருகில் வைத்தால் நெருப்பு சுடாது, எடுத்தால் சுடும் என்ற அந்தக் கால நம்பிக்கையை வைத்து, இந்தியத் தத்துவ மரபினரான மீமாம்சகரும் நையாயிகரும் நூற்றாண்டுக் கணக்கில் மோதினார்கள். நெருப்பின் உருவம் மாறவில்லை, ஆனாலும் சுடவில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத ‘சக்தி’ என்று ஒன்று நெருப்பில் தனியாக உண்டு, மணி அதைத்தான் தடுக்கிறது என்றார்கள் மீமாம்சகர். சக்தியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தடை இல்லாதிருப்பதும் சுடுவதற்கான காரணங்களில் ஒன்று, அதைப் பட்டியலில் சேர்த்தால் போதும் என்றார்கள் நையாயிகர். 10-ஆம் நூற்றாண்டில் உதயணர் இந்தக் கட்சியை வலுவாக நிறுத்தினார். மணிக்குப் பதில் போரிக் அமிலத்தை வைத்துக்கொண்டு அந்த வாதத்தைப் படித்தால் ஒரு வரிகூடப் பழசாகத் தெரியாது. எனக்கு மீமாம்சகர் பக்கமே சாய்வு. தடைகளின் பட்டியல் முடிவில்லாதது. எதைத் தடுக்கிறோம் என்று சொல்லாமல் தடையை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது பாதிக் கணக்கு.

விருதுநகர் மாவட்டத்தில் அந்தப் பாதிக் கணக்கை அடிக்கடி செய்தித்தாளில் படிக்கிறோம். பட்டாசு ஆலையில் வெடிவிபத்து; ‘மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டதே காரணம் என முதல்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.’ உராய்வு ஏற்பட்டிருக்கலாம், அதில் பொய் இல்லை. ‘உராயாமல் இருந்திருந்தால் வெடித்திருக்காது’ என்பதும் மெய்தான். ஆனால் லூயிஸின் நெருக்கமான உலகத்தைத் தேடும்போது எதை மாற்றிப் பார்ப்பது? உராய்வை மாற்றிப் பார்த்தால் குற்றம் கலந்தவர் கையில் வந்து நிற்கிறது. அவர் பெரும்பாலும் பதில் சொல்ல உயிரோடு இல்லை. மருந்தை மாற்றிப் பார்த்தால் கேள்வி வேறு பக்கம் திரும்புகிறது. மனிதன் வேலை செய்யும் இடத்தில் உராய்வு இல்லாத நாள் உண்டா? சல்லடை உராயும், துணி உராயும், தரையில் சிந்திய தூளின் மேல் கால் உராயும்.

1992-இல் மத்திய அரசு செய்தது இந்த இரண்டாவது வகை. குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருளைத் தயாரிக்கவும் வைத்திருக்கவும் தடை விதித்தது. தீக்குச்சித் தலைக்கு விலக்கு உண்டு. அந்தக் கலவை லேசான தேய்ப்புக்கும் அடிக்கும் பற்றும். இந்த ‘லேசான’ என்பதற்கும் சோதனைச்சாலையில் அளவு உண்டு. மருந்தின் மேல் ஓர் எடையை உயரத்திலிருந்து விழவிடுவார்கள். ஒரே உயரத்தில் ஆறு முறை. ஆறில் ஒரு முறையாவது வெடிக்கும் மிகக் குறைந்த ஆற்றல் எத்தனை ஜூல் என்பதுதான் அந்த மருந்தின் அளவு. ஆறில் ஐந்து முறை சும்மா இருந்தாலும் அது வெடிக்கக்கூடியதுதான். ‘இத்தனை வருஷமா இப்படித்தான் கலக்கிறோம், ஒண்ணும் ஆகலையே’ என்ற பேச்சுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

பட்டாசு ஆலையின் ஒழுங்குமுறைகளைப் பார்த்தால் அவை ஒரே ‘ஆல்’ வாக்கியத்தின் வெவ்வேறு இடங்களைப் பிடித்திருப்பது தெரியும். உள்ளே போகுமுன் உடம்பில் தேங்கிய மின்னூட்டத்தை இறக்கத் தொடும் செம்புத் தகடு, தரையில் விரித்த ரப்பர் பாய், பருத்தி உடை எல்லாம் பொறி பிறக்காமல் பார்த்துக்கொள்பவை. குளோரேட் தடை, பொறி பிறந்தாலும் மருந்து சட்டென்று பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. அறைகளுக்கு இடையே விட வேண்டிய தூரமும், அறையில் வைக்கக்கூடிய மருந்தின் அளவும், ஓர் அறைக்கு நான்கு பேர் என்ற கணக்கும் இவை இரண்டிலும் சேராது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் செத்தவர்களில், முதல் சத்தம் கேட்டு வெளியிலிருந்து உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் எதையும் உராயவில்லை, எதையும் கலக்கவில்லை. அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ‘இருந்திருந்தால்’ எல்லாம் அளவையும் தூரத்தையும் பற்றியவை. நான்கு பேர் என்ற விதியால் எந்தத் தீயும் பற்றாமல் போகாது. அது அதற்காக எழுதப்பட்டதும் அல்ல. அதை எழுதியவர்கள், அந்த அறை என்றாவது ஒருநாள் வெடிக்கும் என்று வைத்துக்கொண்டு, அன்றைக்கு உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.